பொதுப் பாடங்களைச் சீரமைக்க எங்கே கை வைக்க வேண்டும்?

கடலூர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய கல்லூரியில், எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து படிக்கும் பொதுப் பாடங்களைச் சீரமைக்க ஒரு குழு போட்டு, அவரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். "இன்றைய மாணவர்களுக்கு எந்தெந்தப் பொதுப் பாடங்களைப் புதிதாகச் சேர்க்கலாம், ஒரு பட்டியல் தர முடியுமா?" என்பது அவருடைய கேள்வி. ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: இப்போது இருக்கும் பொதுப் பாடங்களிலேயே மாணவர்கள் மனம் வைத்து உட்காருவதில்லை, நடத்துகிறவர்களுக்கும் பிடிப்பு இல்லை, தேர்வில் மட்டும் எல்லோரும் பாஸ் ஆகிவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கடைசி வரிதான் கேள்வி. பட்டியல் வேண்டுமென்றால் அரை மணி நேரத்தில் எழுதித் தந்துவிடலாம். செயற்கை நுண்ணறிவு, நிதி அறிவு, மனநலம், இந்திய அறிவு மரபு என்று கேட்பதற்கு நன்றாக இருக்கும் பெயர்கள் நிறைய கிடைக்கும். இன்று சுற்றுச்சூழல் பாடத்துக்கு நேர்ந்திருப்பதுதான் மூன்று ஆண்டு கழித்து அவற்றுக்கும் நேரும். ஆகவே ஏன் அப்படி ஆகிறது, எங்கே கை வைத்தால் மாறும் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வேதியியல் ஆசிரியர். கடலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். பகுதி நான்கு எனப்படும் பொதுப் பாடங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் நெடுங்காலம் என்னிடம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு கடலூரிலும் புதுவையிலும் சில பாடத்திட்டக் குழுக்களுக்கு வெளி உறுப்பினராகப் போய்வருகிறேன். இங்கே சொல்வதெல்லாம் கலை அறிவியல் கல்லூரிகளை வைத்துத்தான். பொறியியல் கல்லூரிகளின் கணக்கு வேறு, அங்கே இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் ஐந்து பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது மேஜர் என்ற முதன்மைப் பாடமும் அல்லைடு என்ற துணைப் பாடமும். நான்காவதில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பாடங்கள், பிற துறை விருப்பப் பாடம் எல்லாம் வரும். ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் புதுவைக்குள் போனால் இந்தப் பெயர்கள் மாறிவிடும். அங்குள்ள கல்லூரிகள் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால் தேசியக் கல்விக் கொள்கையின் சட்டகம் அங்கே வந்துவிட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட அந்தச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். மேஜருக்கு 60, மைனருக்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9, மொழித்திறனுக்கு 8, திறன் மேம்பாட்டுக்கு 9, மதிப்புக்கூட்டுப் பாடங்களுக்கு 6 முதல் 8 வரை, மீதி இன்டர்ன்ஷிப்புக்கு. மேஜர், மைனர், இன்டர்ன்ஷிப் மூன்றையும் கழித்துப் பார்த்தால் 32 முதல் 34 கிரெடிட் வரை பொதுப் பாடம், அதாவது பட்டத்தில் கால் பங்குக்கும் மேல். பாகூரிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வடக்கே போனால் ஒரு சட்டகம், தெற்கே வந்தால் இன்னொன்று. கொள்கை பற்றிய சண்டை பெரியது, அதில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் வகுப்பறைக்குள் நடக்கும் கோளாறு எல்லையின் இரு பக்கமும் ஒன்றேதான் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்த நிச்சயம், டைம் டேபிள். உங்கள் குழுவில் எல்லோரும் பகுதி நான்கின் இரண்டு மணி நேரத்தைப் பற்றியே பேசப் போகிறார்கள். ஆனால் வாரத்துக்கு முப்பது மணி வகுப்பில், முதல் இரண்டு ஆண்டுகள் தமிழுக்கு ஆறு மணி, ஆங்கிலத்துக்கு ஆறு மணி என்பது பல கல்லூரிகளில் நடைமுறை. தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் வந்த பிறகு சில இடங்களில் ஆங்கிலத்தில் இரண்டு மணி குறைந்திருக்கலாம். எப்படிக் கூட்டினாலும் மாணவருடைய முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை நேரம் மொழி வகுப்புகளில்தான் போகிறது. பி.காம். படிப்பவரும் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவரும் பி.ஏ. வரலாறு படிப்பவரும் பொதுவாகப் படிக்கும் பாடம் அது. பொதுக்கல்வி ஏற்கெனவே அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அதை இலக்கியத் துறைகளின் சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிட்டு, வாரத்துக்கு இரண்டு மணி கிடைக்கும் ஒரு பாடத்தில் நாட்டின் எதிர்காலத்தையே ஏற்றப் பார்க்கிறோம். மணி நேரம் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார், கேள்வித்தாள் எப்படி வருகிறது என்ற மூன்றிலும் கை வைக்காத சீர்திருத்தம் பாடத்தின் பெயரை மட்டுமே மாற்றும். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் கொலம்பியா கல்லூரி 1919இல், முதல் உலகப்போர் முடிந்த கையோடு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவாகச் சமகால நாகரிகம் பற்றிய ஒரு பாடத்தைத் தொடங்கியது. 1945இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பொதுக்கல்வி பற்றி ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டது. நம் நாட்டில் 1948–49இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, இன்டர்மீடியட்டிலும் பட்டப்படிப்பிலும் மாணவர்கள் மிகச் சீக்கிரம் ஒரு துறைக்குள் குறுகிவிடுகிறார்கள், தாமதமில்லாமல் பொதுக்கல்வியைக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் அலிகாரிலும் பரோடாவிலும் முயன்று பார்த்தார்கள். நாடு முழுக்க அது வேர் பிடிக்கவில்லை. காரணம் என்ன என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் பார்த்த வரையில் சொல்வதானால், ஆசிரியருக்கு நியமனம் ஒரு துறையில், பதவி உயர்வு அந்தத் துறையில், ஆராய்ச்சி வழிகாட்டி என்ற மரியாதையும் அந்தத் துறையில். பொதுப் பாடம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாததால் அதற்காக வாதாட ஆள் இருப்பதில்லை.

சுற்றுச்சூழல் பாடத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊருக்கு அது நெருக்கமானது. 1991இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொன்னது. பிறகு யுஜிசி ஆறு மாதப் பொதுப் பாடம் ஒன்றை வகுத்து இளநிலை வகுப்புகள் எல்லாவற்றுக்கும் அனுப்பியது. நோக்கம் மிக நல்லது. ஆனால் வகுப்புக்குள் அது எப்படி வந்து சேர்ந்தது? சூழல்மண்டலம் வரையறு, மாசு வகைகள் யாவை, பல்லுயிர்ப் பெருக்கத்தின் பயன்கள் என்று கைடில் இருக்கும் நாற்பது ஐம்பது கேள்விகளாக வந்து சேர்ந்தது. கடலூர் மாணவர் ஒருவர் காற்று மாசுக்கு இலக்கணம் எழுதிவிட்டு வெளியே வந்து, சிப்காட் தொழிற்பேட்டை வழியாகப் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார். நெய்வேலியில் நிலக்கரி எடுப்பதற்காக நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கிறார்கள் என்பது அவர் வீட்டில் பேசப்படும் விஷயம், விடைத்தாளில் அதற்கு இடமில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததைக் குழந்தையாகப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். பேரிடர் மேலாண்மை என்ற அலகில் அவர்கள் படித்தது வேறெங்கோ நடந்த பேரிடர்களை.

நாங்கள் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், வேண்டுமானால் நீங்களும் செய்யலாம். ஒவ்வொரு மாணவரும் வீட்டு போர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடினத்தன்மையை வேதியியல் ஆய்வகத்தில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு அளக்கலாம், திராட்சை நிறம் நீலமாக மாறும் இடம் தமிழ் இலக்கிய மாணவருக்கும் கண்ணுக்குத் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தர அளவையில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 2000 வரை. கடினத்தன்மைக்கு 200, வேறு வழியில்லாவிட்டால் 600. வகுப்பில் கிடைத்த எண்களை ஊர் வாரியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் கடற்கரை ஊர்களுக்கும் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தானே தெரியும். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: டிடிஎஸ் குறைவாக இருந்தால் அந்தத் தண்ணீர் நல்லதா? வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அந்த மீட்டர் கிருமியைக் காட்டாது, பூச்சிமருந்தைக் காட்டாது, மிகச் சிறிய அளவில் உள்ள ஆர்சனிக்கையும் பிரித்துக் காட்டாது. ஓர் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதைவிடப் பெரிய பொதுக்கல்வியை ஓர் அறிவியல் பாடத்தால் தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மாசு என்ற அலகின் கீழேயே நடத்தினோம்.

ஆனால் செமஸ்டர் முடிவில் வந்த கேள்வித்தாள் பழையபடியே வந்தது. அதோடு அந்த உற்சாகம் பாதியாகக் குறைந்தது. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வித்தாளில் வருவதுதான் பாடம் என்று பள்ளியிலிருந்தே அவர்கள் கற்றுக்கொண்டு வருகிறார்கள், அது தவறான கணிப்பும் இல்லை. இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று என்ற 75 மார்க் அமைப்பு மேஜர் பாடத்துக்காக உருவானது. அதை அப்படியே பொதுப் பாடத்துக்கும் மாட்டியிருக்கிறோம். தன்னாட்சிக் கல்லூரியில் இருக்கும் உங்களுக்கு இதை மாற்ற அதிகாரம் உண்டு. ஆகவே குழுவின் முதல் வேலையாகப் புதுப் பாடத்தின் அலகுகளை எழுதாதீர்கள், அதன் கேள்வித்தாளை எழுதுங்கள். ஒரு முழு மாதிரிக் கேள்வித்தாள் எழுத முடியாத பாடம் இன்னும் யோசித்து முடிக்கப்படாத பாடம்.

எப்படிப்பட்ட கேள்வி என்று கேட்பீர்கள். மூன்று ஊர்களின் தண்ணீர்ச் சோதனை அட்டவணையைக் கொடுத்துவிட்டு, எதைக் குடிக்கலாம், எதை முடிவு செய்ய இந்த அட்டவணை போதாது, இன்னும் என்ன சோதனை தேவை என்று கேட்கலாம். ஒரே செய்தியை இரண்டு செய்தித்தாள்கள் எழுதிய விதத்தைக் கொடுத்து, எது நடந்தது, எது கருத்து என்று பிரிக்கச் சொல்லலாம். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ விருப்பம்போல் எழுதட்டும். பாதி மார்க்கை இன்டர்னலுக்குக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இன்டர்னல் மார்க் கூடினால் எல்லோருக்கும் முழு மார்க்குக்கு ஒன்றிரண்டு குறைத்துப் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. மாணவர் எழுதியதை இன்னொரு துறை ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், சிலரை அழைத்து ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று விதி வைத்தால் ஓரளவு கட்டுப்படும். முழுக்கக் கட்டுப்படும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஆசிரியர். இதுதான் கடினமான இடம், கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத இடமும்கூட. யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு. துறைத் தலைவர் மேஜர் வகுப்புகளைப் பங்கிட்டு முடித்த பிறகு, யாருக்கு மணி குறைகிறதோ அவர் தலையில் பகுதி நான்கு விழும். பெரும்பாலும் புதிதாக வந்தவருக்கோ கௌரவ விரிவுரையாளருக்கோ போகும். அடுத்த செமஸ்டரில் அவர் அதே கல்லூரியில் இருப்பாரா என்பதே உறுதியில்லாத நிலையில், அந்தப் பாடத்துக்கு அவர் குறிப்புகள் சேர்ப்பார், புதிய பயிற்சிகள் உருவாக்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பல கௌரவ விரிவுரையாளர்கள் அருமையாக நடத்துகிறார்கள். குறை அவர்களிடத்தில் இல்லை, ஒரு பாடத்தை ஐந்தாறு ஆண்டு ஒரே கை தொடர்ந்து வளர்க்க விடாத ஏற்பாட்டில் இருக்கிறது. ஆகவே பாடத்தை முடிவு செய்வதற்கு முன் ஆளை முடிவு செய்யுங்கள். விருப்பமுள்ள நிரந்தர ஆசிரியர்கள் நான்கைந்து பேர் கிடைத்தால் நான்கைந்து பாடம் போதும். பதினைந்து விருப்பப் பாடங்களை அட்டவணையில் போட்டுவிட்டு, இடம் நிரம்பவில்லை என்று எல்லோரையும் ஒரே வகுப்பில் தள்ளுவது பல இடங்களில் நடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மணி நேரத்தை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றினால் பணியிடமும் ஆட்டம் காணும். தமிழ்த் துறைக்கு வாரத்தில் இரண்டு மணி குறைந்தால், கல்லூரி முழுக்க எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்துக் கணக்கிடும்போது அது ஓர் ஆசிரியர் பணியிடமாகவோ அதற்கு மேலாகவோ ஆகிவிடும். யாராவது கூட்டத்தில் கடுமையாக எதிர்த்தால் அவருக்குச் சீர்திருத்தம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அவர் தன் துறையின் கடைசிப் பணியிடத்தை நினைத்துப் பேசுகிறார். அந்தப் பயம் உண்மையானது. மணி நேரத்தைப் பறிக்காமல், அதே மணி நேரத்துக்குள் செய்கிற வேலையை மாற்றலாம் என்பதுதான் நான் எப்போதும் முன்வைப்பது.

தமிழின் ஆறு மணியில் நான்கை இலக்கியத்துக்கும் இரண்டை வாசிப்புக்கும் எழுத்துக்கும் வைத்துப் பாருங்கள். மருத்துவக் குறிப்பு, அரசாணை, தீர்ப்பின் தமிழாக்கம், ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் இவற்றைப் படித்துப் பொருள் சொல்லவும், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதவும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதவும் பட்டதாரிக்குத் தெரிய வேண்டும். இதைத் தமிழாசிரியர்தான் நன்றாகச் செய்ய முடியும். நம் பகுதிக்கென்றே பொருத்தமான பாடங்களும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரையிலான புதுவையை ஒரு தமிழர் அன்றாடத் தமிழில் பதிந்தது. அதில் பத்துப் பக்கம் எடுத்து, இதை எழுதியவர் யார், அவருடைய நிலை என்ன, எதைப் பார்த்து எழுதினார், எதைக் கேள்விப்பட்டு எழுதினார் என்று பிரிக்கச் சொன்னால் தமிழ் வகுப்பும் வரலாற்று வகுப்பும் ஒன்றாகிவிடும். வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலாரைப் பாடலாக மட்டும் நடத்தாமல், அன்றைய பஞ்சத்தோடும் பசியோடும் சேர்த்து நடத்தலாம். இலக்கியத்தைக் குறைக்கிறீர்களே என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, பல மாணவர்களுக்கு வாழ்நாளில் குறுந்தொகையைச் சந்திக்கும் கடைசி இடம் அந்த வகுப்புதான். அதனால்தான் நான்கு மணியை அப்படியே விடச் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. தமிழ் வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளையும், ஆங்கிலப் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளையும் ஒரே வகுப்பில், ஒரே செய்யுளைப் படிக்கிறார்கள். ஒருவருக்குப் புரிவதில்லை, மற்றவருக்கு அலுப்பு. தரம் பார்த்துப் பிரித்து உட்கார வைத்தால் கற்பிப்பது எளிது என்பது என் அனுபவம். ஆனால் அப்படிப் பிரிப்பது பின்தங்கியவர்களின் மனதை ஒடித்துவிடும் என்ற எதிர்வாதமும் பலமானது. நான் இதில் உறுதியாகப் பேச மாட்டேன். முதல் செமஸ்டரில் மட்டும் பிரித்து, பிறகு கலந்துவிடுவது ஒரு நடுவழி.

சரி, புதிதாகச் சேர்க்க ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், கலைப் பிரிவு மாணவர்களுக்கு எண்களைப் படிக்கும் ஒரு பாடத்தைச் சொல்வேன். நீங்கள் வணிகவியல்காரர், உங்களால் நாளைக்கே நடத்த முடியும். பல மாணவர்களின் அம்மாக்கள் மகளிர் குழுவிலோ சிறுகடன் நிறுவனத்திலோ கடன் வாங்கியிருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய், வட்டி 12 சதவீதம், பன்னிரண்டு மாதத் தவணை, மொத்தம் 11,200 கட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது 12 சதவீத வட்டி மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாகக் கையில் இருப்பது பாதிக்குச் சற்று மேல்தான். குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதை வரலாறு படிக்கும் மாணவி தன் வீட்டுத் தவணை அட்டையை வைத்துக் கணக்கிட்டால், சதவீதம், சராசரி, காலம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். நிதி அறிவு என்ற பெயரில் வங்கிகளின் வகைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாவதாக ஒன்றுக்கு இடமிருந்தால், நம் கடற்கரையை ஒரு செமஸ்டர் பாடமாக்கலாம். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை, அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வு, 2004 சுனாமி, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, புதுவைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வடக்கே நகரும் மணலை மறித்ததால் நகரத்தின் மணற்கரை கரைந்துபோனது, அதை மீட்கக் கடலுக்குள் போட்ட செயற்கைத் திட்டு. இவை எல்லாமே டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கின்றன. வரலாறு, வேதியியல், பொருளியல் ஆசிரியர்கள் மூவர் பங்கிட்டு நடத்தலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அங்கிருந்து ஒருவரை அழைக்கலாம். ஆனால் களப்பயணத்தை மார்க்கோடு கட்டாயமாகக் கட்டாதீர்கள். மதியத்துக்கு மேல் கடையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள், வீட்டில் அனுப்பாத மாணவிகளும் உண்டு. அவரவர் ஊரிலேயே செய்யக்கூடிய ஒரு வேலையை மாற்றாக வைத்தே ஆக வேண்டும்.

இனி சந்தேகமானவை. பொதுக்கல்வி நல்ல குடிமகனை உருவாக்கும், வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்று கொள்கை ஆவணங்கள் எழுதுகின்றன. எனக்கு அதில் ஆசை உண்டு, உறுதி இல்லை. நன்றாகப் படித்து வெளியே போன மாணவரிடம் நம் பாடம் செய்தது எவ்வளவு, அவர் வரும்போதே கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரிப்பது மிகக் கடினம். ஆகவே கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்காகப் பெரிய வாக்குறுதிகளை எழுதாமல், இந்தப் பாடம் முடித்தவர் இன்னின்ன கேள்விக்கு விடை எழுதுவார் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மாணவர் விருப்பத்துக்கு விடுவதா, எல்லோருக்கும் ஒரே கட்டாயப் பாடமா என்பதும் தீராத வழக்கு. நான் குறைவான கட்டாயப் பாடங்கள் பக்கம் சாய்கிறேன். விருப்பம் என்று விட்டால் மார்க் எளிதாக வரும் பாடத்துக்கே கூட்டம் போகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் விருப்பப்பட்டு எடுத்த ஒரே ஒரு பாடத்தால் வாழ்க்கையின் திசை மாறிய மாணவர்களையும் எனக்குத் தெரியும். 2023இல் தமிழ்நாட்டில் பொதுப் பாடத்திட்டம் பற்றி எழுந்த விவாதத்திலும் இரு பக்கமும் விஷயம் இருந்தது. கல்லூரி மாறும் மாணவருக்கும் சமானச் சான்றிதழ் கேட்டு அலையும் பட்டதாரிக்கும் பொதுத் திட்டம் உதவும், உங்களைப் போன்ற தன்னாட்சிக் கல்லூரியின் கையை அது கட்டும். மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடங்களைப் பொறுத்தவரை, 40 சதவீதம் வரை கிரெடிட் எடுக்க யுஜிசி விதி இடம் தருகிறது. மூன்றாம் ஆண்டு மாணவருக்குச் சரி. முதலாண்டு மாணவரை வீடியோவிடம் ஒப்படைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நடைமுறைக்கு வருகிறேன். தன்னாட்சிக் கல்லூரியில் ஒரு மாற்றம் பாடத்திட்டக் குழு, பிறகு கல்விக் குழு என்று மேலே போக வேண்டும். பாடத்திட்டக் குழுவில் துறைத் தலைவரும் துறை ஆசிரியர்களும் தவிர, கல்விக் குழு நியமிக்கும் இரண்டு வெளி வல்லுநர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் இருப்பார்கள். பொதுப் பாடத்துக்கென்று தனிக் குழுவே இல்லாமல், ஏதோ ஒரு துறையின் குழுவில் கடைசிப் பொருளாக ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவது வழக்கம். பொதுப் பாடங்களுக்குத் தனிக் குழு வேண்டும் என்று உங்கள் முதல் தீர்மானத்திலேயே கேளுங்கள். பழைய மாணவர் இடத்துக்கு, வெளிநாட்டில் இருப்பவரைவிட, உள்ளூரில் கடையோ விவசாயமோ ஆசிரியர் வேலையோ பார்க்கும் ஒருவரைப் போடச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் பலர் இணைவுக் கல்லூரிகளில் இருப்பீர்கள். கடலூர் மாவட்டத்தில் முன்பு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து இப்போது அண்ணாமலையின் கீழ் வந்தவை போன்ற கல்லூரிகளில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் உங்கள் கையில் இல்லை. 25 மார்க் இன்டர்னல் மட்டும் இருக்கிறது. அதில் அசைன்மென்டுக்கு உள்ள பங்கைத் தண்ணீர்ச் சோதனைக்கோ தவணை அட்டைக்கோ மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை, துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

கேட்டவருக்கு ஒரு கடைசி விவரம். முதல் கூட்டத்துக்கு நான்கு தாள்கள் கொண்டுபோங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளின் பொதுப் பாடக் கேள்வித்தாள்கள், இந்த ஆண்டு டைம் டேபிளில் அந்த வகுப்புகள் விழுந்திருக்கும் மணிகள், அவற்றை நடத்துகிறவர்களின் பட்டியல், நீங்கள் எழுதிய ஒரு மாதிரிக் கேள்வித்தாள். வரும் கல்வியாண்டுக்கு ஒரு பாடத்தை மட்டும், இரண்டு வகுப்புகளில் மட்டும் மாற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மொத்தத்தையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லி மேலிடம் நெருக்கினால், டைம் டேபிள் போடும் ஆசிரியரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வையுங்கள். எத்தனை ஆட்கள், எத்தனை அறைகள் என்று அவரே எடுத்துச் சொல்வார்.